இத்தாவும் ஆபரேஷன் தேதியும்

ஆஸ்பத்திரி கார் போர்ட்டிகோவில் வந்து நின்றது. நான் ஓடிப்போய்ப் பின் கதவைத் திறந்தேன். உள்ளே யாரும் இல்லை! டிரைவர் தம்பி மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழித்தான். "அக்கா வரமாட்டேன்னுட்டாங்க சிஸ்டர்" என்றான்.

வார்டில் கட்டில் தயார். மறுநாள் தியேட்டரில் முதல் கேஸ் என்று பலகையில் எழுதியாகிவிட்டது. ஊர்ப் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்தின் சம்மதம் வாங்கியாயிற்று. அண்ணன் சம்மதம் வாங்கியாயிற்று. மாமியார்கூட தலையாட்டிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள். எங்கள் கதையில் எல்லாப் பூசாரிகளும் கொடுத்துவிட்டார்கள். சாமியைத்தான் யாரும் கேட்கவில்லை!

வார்டு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளே, தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியின் புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊசி போடுவதில் தொடங்கினேன். கடைசி வருஷங்களில் நோயாளி வீட்டாரிடம் பேசுவதுதான் என் முழுநேர வேலை என்று ஆகிப்போனது. மருந்து எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பக்கம் நான் வரவே மாட்டேன். அந்தக் காலிக் காரின் கதையை மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பெண்ணின் பெயர் ஹசீனா. நாற்பது வயது இருக்கும். முத்துப்பேட்டைப் பக்கம் ஓர் ஊர். கணவர் கல்ஃபில் ஒரு கடையில் வேலை. மார்பில் ஒரு கட்டி. உள்ளூர் ஆஸ்பத்திரியில் கொஞ்சம் வெட்டி எடுத்துத் தையல் போட்டு, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது புற்றுநோய் என்று தெரிந்தது. அண்ணன் சலீம்தான் எங்களிடம் அழைத்து வந்தார். எங்கள் தலைமை டாக்டர் பார்த்துவிட்டு, "சரியான நேரத்துல வந்திருக்கீங்க. இப்பவே எடுத்துட்டா நல்லது. தள்ளிப் போடாதீங்க" என்று சொல்லி, ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார். ஹசீனா துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் கூட வந்த மாமியாரே பதில் சொன்னார். பசிக்குதா என்றால் மாமியார், வலிக்குதா என்றால் மாமியார். "இவளை எக்ஸ்ரே எடுத்தாகூட மாமியார் எலும்புதான் தெரியும் போல" என்று ஒரு குறும்புக்காரி நர்ஸ் என் காதில் சொன்னாள். நானும் சிரித்தேன்.

குறித்த தேதியில் அவர்கள் வரவில்லை. போன் போட்டேன். சலீம் எடுத்தார்.

"மச்சான் அங்கேயே மவுத்தாயிட்டாரு சிஸ்டர். திடீர்னு. நெஞ்சு வலின்னு சேர்த்திருக்காங்க... அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க. தங்கச்சி இப்ப இத்தாவுல இருக்கு. முடிஞ்ச உடனே நானே கூட்டிட்டு வர்றேன்."

இத்தா என்றால் உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். முஸ்லிம் வீடுகளில் கணவர் இறந்துவிட்டால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருப்பாள். வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டாள். அலங்காரம் கிடையாது, தொழுகையும் ஓதுதலுமாக இருப்பாள். கணவருக்காக அவள் இருக்கிற துக்கம் அது. எனக்கும் அன்றைக்கு அவ்வளவுதான் தெரியும். போனை வைத்ததும் காலண்டரைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். நாலு மாதம் அந்தக் கட்டி சும்மா இருக்குமா? இன்றைக்கு எடுத்தால் பிழைத்துக்கொள்வாள். நாலு மாதம் கழித்து எடுத்தால்? யாராலும் சொல்ல முடியாது.

தலைமை டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல கைராசிக்காரர், நல்ல மனுஷரும்தான். மூக்கு நுனியில் கோபம் என்பது மட்டும்தான் குறை. மேஜையில் பேனாவைப் போட்டார். "மதத்தைச் சொன்னா நாம என்னம்மா பண்றது? இந்த ஆளுங்க பிடிவாதம் உனக்குத் தெரியாதா? சொல்லியாச்சு, வரலைன்னு எழுதி வெச்சுட்டு அடுத்த கேஸைப் பாரு" என்றார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "போன மாசம் திருக்காட்டுப்பள்ளியிலேர்ந்து வந்த அம்மா ஆடி போகட்டும்னு சொன்னாங்களே, அப்ப நீங்க என்ன சொன்னீங்க? 'சரி, அவங்க நம்பிக்கை, ஆவணி ஒண்ணாம் தேதி வெச்சுக்கலாம்'னீங்க. சீர்காழிக்காரர் அமாவாசை கழியட்டும்னப்ப சிரிச்சுக்கிட்டே தேதியை மாத்துனீங்க. ஏன் சார், நீங்களே ராகு காலத்துல கத்தி எடுக்க மாட்டீங்க! நம்ம ஆளுங்க சொன்னா நம்பிக்கை, அவங்க சொன்னா பிடிவாதமா?"

பக்கத்தில் நின்ற டியூட்டி டாக்டர் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார். தலைமை டாக்டர் என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி, போய்ட்டு வா. கொண்டு வந்தீன்னா மறுநாளே முதல் கேஸா எடுக்கிறேன். ராகு காலமா இருந்தாலும் பரவாயில்லை."

இது போதாதா எனக்கு! மறுநாள் காலையில் மன்னார்குடி பஸ்ஸைப் பிடித்தேன். சம்பா நடவு நேரம், வழியெல்லாம் வயலில் தண்ணீர் பளபளத்தது. நான் ஒன்றையும் பார்க்கவில்லை, வாய்க்குள்ளேயே பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். ஹஜ்ரத் இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்ல வேண்டும், அப்படிக் கேட்டால் அப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு வக்கீலைப் போலத் தயாராகிப் போனேன். பக்கத்து சீட் அம்மா கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்துகொண்டார்.

பள்ளிவாசலை ஒட்டிய வீட்டில் ஹஜ்ரத் இருந்தார். தாடி நரைத்த, மெல்லிய மனிதர். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். என் வாதங்களில் முதலாவதைத்தான் எடுத்து வைத்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"யாரும்மா சொன்னது வைத்தியத்துக்குப் போகக் கூடாதுன்னு? மார்க்கத்துல அப்படி இல்லவே இல்லை. உசிரு அல்லாஹ் நம்மகிட்ட ஒப்படைச்ச அமானிதம். அதைக் காப்பாத்துறது கடமை. ஆஸ்பத்திரியில தங்கணும்னாலும் தங்கலாம். பொம்பளை டாக்டர் இல்லேன்னா ஆம்பளை டாக்டர் பாக்கலாம். இதை என்கிட்ட வந்து யாருமே கேக்கலையே!"

அவரே போனை எடுத்து சலீமைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தப் பக்கம் சலீமின் குரல் உடைந்தது எனக்கே கேட்டது. "ஊர்ல நாலு பேரு நாலு சொல்லுவாங்கன்னு பயந்துக்கிட்டு இருந்தேன் ஹஜ்ரத்" என்றார். பிறகு நான் வீட்டுக்குப் போனேன். மாமியார் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. "ஹஜ்ரத் சொன்னா சரி" என்றார். உள்ளே திரைக்கு அந்தப் பக்கம் ஹசீனா இருந்தாள். நேரமாகிவிட்டது, கடைசி வண்டியை விட்டுவிடுவேன் என்று திரைக்கு இந்தப் பக்கமிருந்தே, "ஹசீனா, எல்லாம் சரியாயிடுச்சும்மா, நாளைக்குக் கார் வரும்" என்று கத்திவிட்டு ஓடிவந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது கோட்டையைப் பிடித்த ராஜா மாதிரி இருந்தது எனக்கு!

மறுநாள்தான் அந்தக் காலிக் கார்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் என்ன தோன்றும் தெரியுமா? "இவ்வளவு செஞ்சும் வரலைன்னா, போ!" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அப்படித் தோன்றும். அதற்காக வெட்கப்படாதீர்கள். ஆனால் அந்தக் கோபம் ஆறுவதற்குள் ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். நான் செய்தது, ஒரு டிரெஸ்ஸிங் பையை எடுத்துக்கொண்டு அதே காரில் ஏறி உட்கார்ந்ததுதான். "திருப்புப்பா வண்டியை" என்றேன். தம்பிக்கு மூச்சே நின்றுவிட்டது. "இப்பதான் சிஸ்டர் அங்கேயிருந்து வர்றேன், இன்னும் டீ கூட குடிக்கல" என்றான். மன்னார்குடியில் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி அவனைக் கிளப்பினேன்.

வீட்டில் ஹசீனாவைச் சுற்றிப் பெண்கள். அக்கம்பக்கத்து வீட்டார், சொந்தக்காரர்கள். இத்தா இருக்கிற வீட்டுக்குப் பெண்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். நல்ல வழக்கம்தான், துக்கத்தில் யாரும் தனியாகக் கிடக்க வேண்டாம். ஆனால் நான் ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு ஏழெட்டு வாய் இருந்தது. அவள் வாய் மட்டும் திறக்கவில்லை. மாமியார் சுவரோரம் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"தையல் பிரிக்க வேண்டிய நாள் தாண்டிடுச்சு. காயத்தைப் பாக்கணும். கொஞ்சம் எல்லாரும் அந்தப் பக்கம் இருங்களேன்" என்றேன்.

பொய் இல்லை, உண்மையாகவே தாண்டித்தான் இருந்தது. பேச்சுக்கு இடம் கேட்டால் வீட்டார் தரமாட்டார்கள், காயத்துக்கு இடம் கேட்டால் தந்துவிடுவார்கள். இதை மட்டும் தந்திரம் என்றே குறித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் எழுந்து போனார்கள். மாமியார் கடைசியாகப் போனார்.

ஹசீனா வெள்ளை உடுத்தியிருந்தாள். தையலைப் பிரித்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்! நாக்கு நுனியில் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. 'உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா ஆபரேஷன் பண்ணிக்கன்னுதானே சொல்லியிருப்பார்?' இது நம் எல்லாருக்கும் மனப்பாடமான வசனம். எங்கே வேண்டுமானாலும் எடுத்து விடுவோம். நல்லவேளை, அன்றைக்கு விழுங்கிவிட்டேன். காயத்தைத் துடைத்து, மருந்து வைத்து, பிளாஸ்திரியை ஓர் ஓரமாக ஒட்டி, பிடிக்காத மாதிரி மறுபடி எடுத்து மறுபடி ஒட்டினேன்.

"சிஸ்டர்" என்றாள். அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சொல்லும்மா."

"போகலாம்னு ஹஜ்ரத் சொல்லிட்டாங்க, தெரியும். தப்பில்லேன்னும் தெரியும். எனக்கே தெரியும் சிஸ்டர், நானும் குர்ஆன் ஓதினவதான்." துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவங்க இங்க இருந்த நாளைச் சேர்த்தா ரெண்டு மூணு வருஷம்கூட வராது. மத்த நேரமெல்லாம் போனுதான். மவுத்தும் போன்லதான் வந்துச்சு. முகத்தைப் பாக்கல. குளிப்பாட்டுறதுக்கு யாரு இருந்தாங்கன்னு தெரியாது. எந்த மண்ணுன்னு தெரியாது. அவங்களுக்குன்னு நான் செய்யறது இந்த இத்தா ஒண்ணுதான். இதையும் பாதியில விட்டுட்டு என் உடம்பைத் தூக்கிக்கிட்டு ஓடி வரச் சொல்றீங்களா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவில்லை. தலைமை டாக்டர் அதை மதம் என்றார். அண்ணன் ஊர் என்று பயந்தார். நான் சட்டம் என்று நினைத்து அனுமதி வாங்க ஓடினேன். அவளுக்கு அனுமதியே வேண்டாம்! அவள் கணவருக்கு ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறாள், அது முழுதாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு ஹஜ்ரத் என்ன பதில் சொல்வார், டாக்டர் என்ன பதில் சொல்வார்?

நான் ஒரு கேள்வி கேட்டேன். இப்போது யோசித்தால், என் சர்வீஸில் நான் கேட்ட நல்ல கேள்வி அதுதான். "இத்தான்னா என்னென்ன செய்வீங்க ஹசீனா? எனக்குச் சரியா தெரியாது. காலையில எழுந்ததுலேர்ந்து சொல்லேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சொன்னாள். விடியலில் தொழுகை. கணவர் பெயரில் ஓதுதல். வெளி ஆண்கள் முகத்தில் முழிக்காமல் இருப்பது. பூ, நகை, வாசனை எதுவும் இல்லை. வாசல் பக்கம் போகாமல் ஒரே அறையில் இருப்பது.

"சரி. இதுல எது எங்க ஆஸ்பத்திரியில முடியாது?"

முதலில் அவளுக்குப் புரியவில்லை. "வேண்டாம்னு நான் சொல்லல. நீ இத்தாவை விட வேண்டாம். ஒரு நாள் குறையாம இரு. ஆனா கொஞ்ச நாளைக்கு அந்த அறை எங்க ஆஸ்பத்திரியில இருக்கட்டுமே? தொழ இடம் தர்றேன். ஓது, யாரும் தடுக்க மாட்டாங்க. நகையும் வாசனையும் ஆபரேஷனுக்கு நாங்களே கூடாதுன்னுதான் சொல்லுவோம்! ஆம்பளைங்க வராம நான் பாத்துக்கிறேன். வேற என்ன பாக்கி?"

அவள் யோசித்தாள். நான் தையல் பிரித்த கத்தரிக்கோலைத் துடைத்துப் பையில் வைத்தேன்.

"ஜன்னலுக்குத் திரை இருக்குமா?" என்றாள்.

திரை! திரையா கேட்கிறாய் தாயே, பட்டுத்திரையே போடுகிறேன்! துள்ளிக் குதிக்காத குறைதான். வெளியே வந்து மாமியாரிடம் சொன்னேன். "அவளே சொன்னாளா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். உடனே உள்ளே போய்ப் பெட்டி கட்டத் தொடங்கினார்.

வாக்குக் கொடுத்தாயிற்று, அறைக்கு எங்கே போவது? வார்டின் கடைசியில் சாமான் போட்டு வைக்கிற அறை ஒன்று இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அதைக் காலி செய்தோம். பழைய டிரிப் ஸ்டாண்டு, கால் உடைந்த ஸ்டூல், யாரோ விட்டுப்போன குக்கர், எல்லாம் வெளியே வந்தது. கழுவி, கட்டில் போட்டு, தொழுவதற்கு ஓர் ஓரத்தை ஒதுக்கினோம். தொழும்போது பார்க்க வேண்டிய கிப்லா எந்தப் பக்கம் என்று சலீமிடம் கேட்டுக் கட்டிலைத் திருப்பினோம். கதவுக்கு ஒரு திரை, ஜன்னலுக்கு ஒரு திரை. மறுநாள் காலையில் மாமியாரோடு ஹசீனா வந்து இறங்கினாள். பெண் நர்ஸுகள் மட்டும் டியூட்டி. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த ஒரு நோயாளி அம்மா, வேட்டி கட்டிய யார் அந்தப் பக்கம் நடந்தாலும் அதட்டி விரட்டினார். அவருக்கு யாரும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை!

எல்லாம் சரி. ஆபரேஷன் செய்கிறவர் ஆணாயிற்றே? மயக்க மருந்து கொடுக்கிறவர் பெண் டாக்டர்தான், அது பிரச்சினை இல்லை. லேடி சர்ஜனுக்காகத் திருச்சிக்குப் போன், கும்பகோணத்துக்குப் போன். ஒருவர் லீவு, ஒருவருக்கு வேறு கேஸ். தலைமை டாக்டர் கதவருகே வந்து நின்று, "நான் ஆம்பளையா பொறந்தது என் தப்பாம்மா?" என்றார். பாவமாக இருந்தது. பாதி நாள் இப்படியே ஓடிய பிறகுதான், நான் மறுபடியும் அதே பள்ளத்தில் விழுந்துகொண்டிருக்கிறேன் என்று புத்தியில் உறைத்தது. அவளைக் கேட்டேனா? கேட்கவில்லை!

ஓடிப்போய்க் கேட்டேன். ஹசீனா சிரித்தாள். கணவர் இறந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்திருப்பாள் என்று நினைக்கிறேன். "நல்ல டாக்டரா இருந்தா போதும் சிஸ்டர். எனக்கு மயக்கம் வர்ற வரைக்கும் அவர் வெளியில நிக்கட்டும். முழிக்கும்போது நீங்க இருங்க. நடுவுல அவர் வேலையை அவர் பாக்கட்டும்."

அப்படியே நடந்தது. யாருக்காகவும் ஒரு நிமிஷம் காத்திருக்காத எங்கள் தலைமை டாக்டர், கையைக் கழுவிவிட்டு, தியேட்டர் வாசலில் சுவரைப் பார்த்தபடி நின்றார். உள்ளே மயக்க மருந்து அம்மா, "வரலாம் சார்" என்று குரல் கொடுத்த பிறகுதான் காலை எடுத்து வைத்தார். அந்தக் காட்சியைப் பார்த்த எங்கள் தியேட்டர் பெண்களுக்கு ஒரு வாரத்துக்குப் பேச்சு அதுதான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவள் கண் விழித்தபோது கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

வெட்டி எடுத்ததைப் பரிசோதித்து முடிவு வந்தது. நல்ல செய்திதான். டாக்டர் சலீமைக் கூப்பிட்டுச் சொன்னார். சலீம் திரையை விலக்கித் தங்கச்சியிடம் போய், "நல்லா இருக்காம்" என்று சொன்னார். நானும் உள்ளே போய், நல்லா இருக்கு என்றேன். வார்டே சொன்னது. மாமியார், "ம்" என்றார். அந்த அம்மாவுக்கு மருமகள்மேல் அவ்வளவாகப் பாசம் இல்லை போலிருக்கிறது என்று எங்களில் ஒன்றிரண்டு பேர் பேசிக்கொண்டோம். பிறகு ஊசி மருந்து தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் திரை போட்ட காரில் வருவாள், அதே அறையில் மருந்து ஏறும், அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். மாமியார் கூடவே வருவார், கட்டில் பக்கத்தில் விறைப்பாக உட்காருவார், போவார். டாக்டர் கேட்க வேண்டியதை என் மூலமாகக் கேட்பார், ஹசீனா என் மூலமாகப் பதில் சொல்வாள்.

இத்தா முடிந்தது. ஒரு நாள்கூடக் குறையவில்லை! அதற்கு அடுத்த தடவை மருந்துக்கு வந்தபோது ஹசீனா பச்சைப் புடவை கட்டியிருந்தாள், தலையில் முக்காடு. முடியெல்லாம் கொட்டி, இளைத்துத்தான் இருந்தாள். ஆனால் அறைக்குப் போகவில்லை. நேராக டாக்டர் அறைக்கு வந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அண்ணனும் கூட வந்தார்.

தலைமை டாக்டர் வழக்கம்போல அண்ணனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "அடுத்த மருந்து..."

"நானா, நீங்க இருங்க. நான் கேட்டுக்கிறேன்" என்று அண்ணனைத் தடுத்தாள் ஹசீனா. அவர்கள் ஊரில் அண்ணனை நானா என்பார்கள். சலீமின் வாய் அப்படியே நின்றது. டாக்டர் திரும்பினார். இத்தனை மாதம் வைத்தியம் பார்த்தவர், அவள் குரலை அன்றைக்குத்தான் கேட்கிறார்.

"டாக்டர், நான் பொழைச்சுக்குவேனா? நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. நல்லா இருக்குன்னா என்னன்னு நீங்க சொல்லுங்க."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். என்ன இருந்தது, எதை எடுத்தார், அக்குளுக்குப் பரவவில்லை, மருந்து இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, பிறகு பல வருஷம் வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாம் சொன்னார். "திரும்ப வரவே வராதுன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாதும்மா. ஆனா இன்னைக்கு உங்க உடம்புல நோய் இருக்கிறதா எனக்குத் தெரியலை. நீங்க பொழைப்பீங்கன்னுதான் நான் நம்புறேன்."

"இதை இப்படியே என் மாமிக்கிட்ட சொல்லணும். நீங்களே" என்றாள் ஹசீனா.

"அவங்ககிட்ட நாங்கதான் சொல்லிட்டோமேம்மா, நல்லா இருக்குன்னு" என்று நான் குறுக்கே விழுந்தேன். வாய் சும்மா இருக்காதே!

"அதான் சிஸ்டர்" என்றாள் அவள். "அவங்க மகனைச் சேர்த்த அன்னைக்கு அங்கேயிருந்து போன் வந்துச்சு. நல்லா இருக்காருன்னாங்க. சாயங்காலமும் வந்துச்சு. நல்லா இருக்காருன்னாங்க. மவுத்தான பிறகும் கொஞ்ச நேரம் நல்லா இருக்காருன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அம்மா தாங்கமாட்டாங்கன்னு. அப்போலேர்ந்து அந்த வார்த்தையை யாரு சொன்னாலும் மாமி நம்பறதில்லை. எனக்கும் என்னமோ ஆகப் போகுதுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அவங்க இன்னும் மகனுக்கு அழவே இல்லை சிஸ்டர்."

வார்டில் எத்தனை பேர், எத்தனை தடவை அந்த அம்மாவிடம் அந்த வார்த்தையைச் சிரித்த முகத்தோடு சொல்லியிருப்போம்! பாசமில்லாதவர் என்று வேறு பேசினோம். நானே போய் மாமியாரை அழைத்து வந்தேன். அவர் வந்தார், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், முதுகு வளையவில்லை. டாக்டர் ஹசீனாவிடம் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல், கையெழுத்துப் போட்டுத் தர முடியாது என்பது உட்பட, அப்படியே மறுபடியும் சொன்னார்.

மாமியார் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். பிறகு மறுபடி டாக்டரைப் பார்த்தார்.

"அப்ப இவ இருப்பாளா?"

"இருப்பாங்கன்னுதான் நம்புறேன்மா."

அவர் புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என் மவனுக்கு நான் இப்ப அழுவலாமா டாக்டர்?"

வெளியே ஓ.பி. வரிசை கதவு வரை நின்றது. எங்கள் டாக்டர் எழுந்திருக்கவில்லை.

"அழுவுங்கம்மா" என்றார்.